ஒரு தடவதான் கேட்டா

வேணாம்மா, நீயே ஜன்னல் பக்கம் உட்காந்துக்க. எனக்கு எந்தப் பக்கம்னாலும் ஒண்ணுதான்.

உட்காந்துட்டியா? சரி சரி. இல்ல, ஒண்ணுமில்ல. நீ கேட்ட, நான் வேணாம்னேன், நீ உட்காந்துட்ட. அதுல உன் மேல தப்பு சொல்ல முடியுமா? நாங்க வளந்த விதம் வேற, இப்பத்த பிள்ளைக வளர்ற விதம் வேற. அந்தப் பைய மட்டும் கால்ல இடிச்சுக்காமப் பாத்துக்க. கண்டக்டர் தம்பி, மேல தூக்கி வைக்கட்டுமாம்மான்னு கேட்டுச்சு. பரவால்ல தம்பின்னேன். அதுவும் அப்படியே போயிருச்சு. திரும்பியே பாக்கல.

திருச்சிக்குத்தான். நீயும் திருச்சியா? நல்லதாப் போச்சு. நான் சும்மா, ரோஸ்லின்னு என் சிநேகிதி இருக்கா, அவளப் பாத்துட்டு வரலாம்னு கெளம்பினேன். சும்மா பாக்கப் போறவளுக்கு இம்புட்டுப் பெரிய பை எதுக்குன்னுதான பாக்கிற? வெள்ளைக்காரப் பிள்ளைக முதுகுல மாட்டிக்கிட்டுத் திரியுமே, அந்தப் பைதான் இது. இதுக்குப் பின்னாடி ஒரு கதையே இருக்கு. அது எதுக்கு உனக்கு, நீ தூங்கு.

சொல்லட்டுமா? நெசமாத்தான் கேக்கிறியா? வாய்வார்த்தைக்குக் கேக்கலையே? சரி, இம்புட்டுத் தூரம் கேக்கிற, சொல்றேன்.

ரோஸ்லினும் நானும் ஒரே ஆபீஸ். மதுரையில கூட்டுறவுத் துறையில பக்கத்துப் பக்கத்து நாற்காலி. அவ கல்யாணம் பண்ணிக்கல, நான் பண்ணிக்கிட்டேன். அதத் தவிர எங்க ரெண்டு பேருக்கும் வித்தியாசமே கெடையாது. என் டிபன் பாக்ஸ்ல அவ சாப்பிடுவா, அவ டிபன் பாக்ஸ்ல நான் சாப்பிடுவேன். ரிட்டையர் ஆனதும் அவ திருச்சியில தம்பி வீட்டுப் பக்கத்துலயே ஒரு வீடு பாத்துக்கிட்டுப் போயிட்டா. நான் எங்க வீட்டுக்காரரோட மதுரையிலயே கெடக்கேன்.

போன வருஷம் திடீர்னு போன் பண்றா. "ஏய் அங்கை"ங்கிறா. என் பேரு அங்கயற்கண்ணி. ஆபீஸ் முழுக்க அங்கைதான். "வியட்நாம் போறேன்டி. முதுகுல ஒரே ஒரு பை. பெரிய ஓட்டல் கீட்டல் கெடையாது. ஹாஸ்டல்ல தங்கிக்கிட்டு, பஸ்ல போய்க்கிட்டு, இஷ்டத்துக்குச் சுத்தப் போறேன். வர்றியா?"ன்னா.

எனக்கு நெஞ்சு குதிக்குது. நான் இலங்கைகூடப் பாத்ததில்ல. உடனே, "எனக்கெதுக்குடி அதெல்லாம்"னேன். "அட வாடி"ன்னா. "அவரை யாரு பாத்துக்கிறது"ன்னேன். "அவரு என்ன கைப்பிள்ளையா, வாடி"ன்னா. மறுநாளும் போன். எங்க வீட்டுக்காரரு வேற பின்னாடி நின்னுக்கிட்டு, "போயிட்டுத்தான் வாயேன். போ. நல்லா நெறைய நாள் இருந்துட்டு வா"ங்கிறாரு. அவருக்கு என் மேல அம்புட்டுப் பிரியம். இத்தன பேரு கேக்கறப்ப மறுக்கலாமா? சரின்னேன். அப்ப ரோஸ்லின் நல்லவளா இருந்தா.

உனக்குப் புரியணும்ங்கிறதுக்காகச் சொல்றேன். எங்க பக்கம் எப்படின்னா, ஒரு வீட்டுக்குப் போறோம், காப்பி சாப்பிடுறீகளான்னு கேக்கிறாக. மொதத் தடவ, "வேணாம், இப்பத்தான் குடிச்சேன்"னு சொல்லணும். குடிச்சிருக்க மாட்டோம். நாக்கு வறண்டு போய்த்தான் வந்திருப்போம். இருந்தாலும் சொல்லணும். "அட ஒரு வாய்"ம்பாக. "எதுக்குச் செரமம்"னு சொல்லணும். மூணாவதா அவுக அடுப்படிக்குள்ள போய் நின்னுக்கிட்டு, "சர்க்கரை எம்புட்டு"ம்பாக. அப்ப "ஒரு ஸ்பூன்"னு சொல்லிக்கிரலாம். மூணாவது தடவையும் வேணாம்னா அவுக மனசு நொந்து போகும். இதுல என்ன கஷ்டம் இருக்கு? இது தெரியாமலும் உலகத்துல ஜனங்க இருக்காகன்னு நான் எங்க கண்டேன்?

பை கட்டினேன். பருப்புப் பொடி, இட்லிப் பொடி, எலுமிச்சங்கா ஊறுகா, நல்லெண்ணெய், தட்டை, முறுக்கு, ஒரு குட்டி ரைஸ் குக்கர், அதுக்கு அரிசி. துணிமணி மிச்ச எடத்துல. ரோஸ்லின் ரெண்டு டிராக் பேண்ட்டு, நாலு பனியன். அம்புட்டுதான். ஏர்போர்ட்ல பைய மாட்டினேன் பாரு, அப்படியே மல்லாக்க விழுந்துட்டேன். கவுத்துப் போட்ட ஆமை மாதிரி கையும் காலும் ஆடுதே ஒழிய எந்திரிக்க முடியல. ரெண்டு போலீஸ்காரவுக வந்து நிமித்தி விட்டாக. "என் பையில கொஞ்சம் வைக்கட்டுமாடி"ன்னு ரோஸ்லின் கேட்டா. "பரவால்லடி, கனமே இல்ல"ன்னேன். அவ, "சரி"ன்னுட்டு முன்னாடி நடக்கிறா. அப்பவே ஒரு சந்தேகம் தட்டுச்சு எனக்கு.

ஹனோய்ல இறங்கினோம். ரோடு பூரா மோட்டார் சைக்கிளு. வெள்ளைக்காரவுக எல்லாம் ரோட்டைத் தாண்ட முடியாம ஓரத்துல நின்னு வேர்த்துக்கிட்டு இருக்காக. நான் கையக் காட்டிக்கிட்டே விறுவிறுன்னு போய்ட்டேன். பெரியார் பஸ் ஸ்டாண்டுல ரோடு தாண்டினவளுக்கு இதெல்லாம் ஒரு கணக்கா? எனக்குப் பின்னாடி பதினஞ்சு இருவது வெள்ளைக்காரவுக கோழிக்குஞ்சு மாதிரி வந்தாக. ரோஸ்லினுக்குப் பெருமை தாங்கல. அந்த ஒரு மணி நேரம்தான் நான் அந்த நாட்டுல ராணி.

ஹாஸ்டல்ல கட்டிலுக்கு மேல கட்டில். ஒரே ரூமுல ஆணு, பொண்ணு, பைங்க எல்லாம். எனக்கு மேல் கட்டில். கீழ் கட்டில்ல நெதர்லாந்துப் பொண்ணு ஒருத்தி. ஜாஸ்பர்னு ஒரு பையனோட வந்தவ. நல்ல பிள்ளைதான். என்னப் பாத்ததும் எந்திரிச்சு, "நீங்க கீழ படுத்துக்கிறீங்களா?"ன்னு இங்கிலீஷ்ல கேட்டா. "நோ நோ, ஐ லைக் மேல"ன்னேன். "ஓகே"ன்னுட்டுப் படுத்து, கண்ண மூடிட்டா. கண்ண மூடிட்டாம்மா! நான் சேலையச் செருகிக்கிட்டு அந்த இரும்பு ஏணியில ஏறினத நெனச்சா இப்பவும் முட்டி விண்ணுங்குது. பாதி ஏணியில நிக்கிறேன், முந்தானை கம்பியில மாட்டிக்கிச்சு. மேலயும் போக முடியல, கீழயும் வர முடியல. ரோஸ்லின் எதுத்த கட்டில்ல தலகாணியக் கடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறா.

காலையில அந்த ஹாஸ்டல்காரம்மா தோசை மாதிரி ஒண்ணுல வாழப்பழத்த வச்சுச் சுருட்டி, தேன் ஊத்தி, தட்டுல கொண்டு வருது. வாசம் மூக்கத் தொளைக்குது. எம் முன்னாடி நீட்டுச்சு. "நோ நோ"ன்னு கையக் குறுக்க வச்சேன். நம்ம ஊருல கையக் குறுக்க வச்சா என்ன பண்ணுவாக? கை இடுக்கு வழியா ஊத்துவாக. அந்தம்மா தலையாட்டிட்டு, தட்ட அப்படியே ரோஸ்லின் முன்னாடி வச்சிருச்சு. என் பங்கையும் சேத்து அவ தின்னா. "நல்லாருக்குடி, வேணுமா?"ன்னா. ஒரு தடவ. "நீ சாப்பிடு"ன்னேன். சாப்பிட்டா.

இப்படியே ஊர் ஊராப் போகுது. படகுல எளநி, வேணாம்னேன், போச்சு. பஸ்ல பக்கத்து சீட்டுக்காரரு மக்காச்சோளம் நீட்டினாரு, போச்சு. நான் ராத்திரி ராத்திரி முறுக்கத் தின்னு உசிரு வளத்தேன். முக்காடு போட்டுக்கிட்டுக் கடிச்சாலும் அந்த ரூமுக்கே கேக்கும். ஹனோய்லயே ஜாஸ்பர் எலி வந்துருச்சுன்னு லைட்டப் போட்டுத் தேடினான்.

அப்புறம் மலைக்குப் போனோம். சாப்பான்னு ஒரு ஊரு. மலையச் செதுக்கிப் படி படியா நெல்லு போட்டிருக்காக. அங்க ஒரு கிராமத்துல மாய்னு ஒரு பொம்பளை வீட்டுல தங்கினோம். அவ, அவ புருசன், நாங்க ரெண்டு பேரு, அந்த நெதர்லாந்து ஜோடியும் அங்கயே வந்து சேந்துச்சு. எல்லாரும் தரையில சுத்தி உக்காந்து சாப்பாடு. முட்டக்கோசு, வறுத்த மீனு, சுடச்சுடச் சோறு. மாய் ஒவ்வொண்ணா எம் பக்கம் நீட்டினா. நான் ஒவ்வொண்ணையும் வேணாம்னேன். அவளும் ஒவ்வொண்ணா எடுத்துக்கிட்டா. அழுகையே வந்துருச்சு எனக்கு.

அப்பத்தான் அவ புருசன் ஒரு பாட்டிலத் தொறந்தாரு. அரிசிச் சாராயம். வாசம் வந்ததுமே தெரிஞ்சு போச்சு. சின்னக் கிளாஸ்ல ஊத்தி எனக்கு நீட்டினாரு. "நோ"ன்னேன். சிரிச்சுக்கிட்டே இன்னும் கொஞ்சம் பக்கத்துல நீட்டினாரு. "நோ நோ, தேங்க்ஸ்"னேன். அவரு விடல. நெஞ்சுல கைய வச்சு, தலையக் குனிஞ்சு, மூணாவது தடவையும் நீட்டினாரும்மா! அந்த நாட்டுல வந்து இறங்கின நாள்லேருந்து மொத மொறையா ஒரு மனுசன் என்கிட்ட மூணு தடவ கேக்கிறாரு. நான் என்ன பண்ணுவேன்? மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல? வாங்கிக் குடிச்சிட்டேன். சும்மா சொல்லக் கூடாது, அடுத்த கிளாஸுக்கும் மூணு தடவ கேட்டாரு. அதுக்கடுத்த கிளாஸுக்கும் கேட்டாரு. தங்கமான மனுசன்.

இத எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிறாத. நீ எங்க அவரப் பாக்கப் போற.

அதுக்கப்புறம் எனக்கு ஒரு தெம்பு வந்துச்சு. இந்த ஜனங்களுக்கு உபசாரம்னா என்னன்னு காட்டுறேன் பாருன்னு எந்திரிச்சேன். பையத் தொறந்து, இட்லிப் பொடிய எடுத்து, சோத்துல கொட்டி, நல்லெண்ணெய் ஊத்திப் பெசஞ்சேன். ஜாஸ்பர் தட்டுல ஒரு உருண்டை வச்சேன். சாப்பிட்டான். மூஞ்சி செவந்துச்சு. இன்னொண்ணு கொண்டு போனேன். "நோ தேங்க்யூ"ன்னான். பிள்ளை வெக்கப்படுதுன்னு வச்சேன். "நோ, ப்ளீஸ்"னு தட்ட மறைச்சான். கைய வெலக்கிட்டு வச்சேன். "அவன் வேணாம்னா வேணாம்டி, விடு"ன்னு ரோஸ்லின் என் முந்தானையப் பிடிச்சு இழுக்கிறா. "ஒனக்கென்னடி தெரியும், ஆறடிப் பிள்ளைக்கு ரெண்டு உருண்டை எந்த மூலைக்கு"ன்னேன். நாலாவது உருண்டைக்கு அவன் எந்திரிச்சு ஓடினான். பாத்ரூமுலருந்து விடியிற வரைக்கும் வெளியவே வரல. ருசிச்சுச் சாப்பிட்டவனுக்குச் சேரல. அதுக்கு நான் என்ன பண்றது? ரோஸ்லின் என்கூடப் பேசாமத் திரும்பிப் படுத்துக்கிட்டா.

மறுநாள் ஞாயித்துக்கிழமை. ரோஸ்லின் வியட்நாம் வந்ததே அந்த ஞாயித்துக்கிழமைக்காகத்தான். மலைமேல வாரம் ஒரு தடவ ஒரு சந்தை கூடுமாம். சுத்துப்பட்டு மலைச்சாதி ஜனங்க எல்லாம் சிவப்பும் நீலமுமா எம்பிராய்டரி போட்ட துணியக் கட்டிக்கிட்டுக் குதிரை, எருமையெல்லாம் ஓட்டிக்கிட்டு வருமாம். ஆபீஸ்ல இருந்த காலத்துலயே ஒரு காலண்டர்ல அந்தப் படத்தப் பாத்துட்டு, மேசைக் கண்ணாடிக்கு அடியில வெட்டி வச்சிருந்தா. காலையிலயே ஷூவெல்லாம் மாட்டிக்கிட்டு வந்து நின்னு, "ஏத்தம் ஜாஸ்தி. ஒனக்கு முட்டி வலி. வர்றியா, இல்ல இங்கயே இருக்கியா?"ன்னு கேட்டா.

நான் என்ன சொல்லுவேன்? "என்னப் பத்திக் கவலப்படாத, நீ போயிட்டு வா"ன்னேன்.

போயிட்டாம்மா. என்ன விட்டுட்டுப் போயிட்டா. கண்காணாத தேசத்துல, பாஷை தெரியாத ஊருல, வயசான பொம்பளைய விட்டுட்டுப் போயிட்டா. இத நீயே நியாயமான்னு சொல்லு. சொன்னதுக்குப் போயிர்றதா? சொன்னா நெசம்னு ஆயிருமா?

நான் பைய மாட்டிக்கிட்டு ரோட்டுக்கு வந்து ஒரு கல்லு மேல உக்காந்தேன். திரும்பிப் பாத்தா என்னத் தெரியணுமில்ல? அவ திரும்பிப் பாக்கல. வளைவுல மறைஞ்சே போயிட்டா. கொஞ்ச நேரத்துல ஒருத்தரு மோட்டார் சைக்கிள்ல வந்து நின்னாரு. காசுக்கு ஆள ஏத்திட்டுப் போறவரு. "மேடம், கோ?"ன்னாரு. "நோ"ன்னேன். போயிட்டு, திரும்ப வந்தாரு. "மேடம், மார்க்கெட்?"ன்னாரு. "நோ, தேங்க்ஸ்"னேன். கொஞ்ச தூரம் போயி, மறுபடியும் வண்டியத் திருப்பிக்கிட்டு வந்து, "மேடம், கோ மார்க்கெட்?"ன்னாரு.

மூணு தடவ ஆச்சு. ஏறிட்டேன்.

யாருகிட்டயும் சொல்லாமலான்னு கேக்காத. சொல்றதுக்கு அங்க யாரு இருந்தா? மாய் வயல்ல நிக்கிறா. ஜாஸ்பர் பாத்ரூமுல இருக்கான். அவரு என்ன மலைமேல கூட்டிட்டுப் போகல. கீழ டவுன்ல வேற ஒரு மார்க்கெட்டு. அதுவும் நல்லாத்தான் இருந்துச்சு. இறங்கினதும் இறங்காததுமா எம்பிராய்டரித் துணி விக்கிற பொம்பளைக ஏழெட்டுப் பேரு சூழ்ந்துக்கிட்டாக. "யூ பை ஃப்ரம் மீ?"ங்கிறாக. "நோ"ன்னா விடுறாகளா? கூடவே வர்றாக. "யூ பை ஃப்ரம் மீ? யூ பை ஃப்ரம் மீ?" பத்துத் தடவ, இருவது தடவ கேக்கிறாக. எனக்குக் கண்ணெல்லாம் கலங்கிப் போச்சு. இவுகதாம்மா மனுசங்க! இவுக நம்ம ஆளுக! யாரு மனசையும் நோகடிக்கக் கூடாதுன்னு எல்லார்கிட்டயும் வாங்கினேன். தொப்பி, மேல் சட்டை, இடுப்புத் துணி, கணுக்காலுக்குச் சுத்துற துணி, வளையம் வளையமாத் தோடு. வாங்கினத அவுகளே மாட்டியும் விட்டாக. கண்ணாடியில பாத்தா எனக்கே யாருன்னு தெரியல.

பொழுது சாயிற நேரத்துக்குத்தான் திரும்பினேன். அந்த மோட்டார் சைக்கிள்காரரு, திரும்பிப் போலாமான்னு மூணு தடவ கேட்கணுமில்ல, அதுல நேரமாயிருச்சு. வந்து பாத்தா ஊரே ரோட்டுல நிக்குது. மாய் புருசன் வயலுக்குள்ள எறங்கிக் கம்ப வச்சுச் சேத்தக் குத்திக் குத்திப் பாக்கிறாரு. ஜாஸ்பர் வயித்தப் பிடிச்சுக்கிட்டே ஓடைக்கரையில "அங்காய், அங்காய்"னு கத்துறான். ரோஸ்லின் என்னப் பாத்ததும் ஓடி வந்தா. தலையெல்லாம் கலைஞ்சு, பேண்ட்டு பூரா சேறு. போன நீட்டி, அதுல இருக்கிற என் போட்டோவக் காட்டி, இங்கிலீஷ்ல கேக்கிறா. "சிஸ்டர், ப்ளீஸ், இந்த லேடியப் பாத்தீங்களா? இண்டியன். குண்டா இருப்பாங்க"ங்கிறா.

"யாருடி குண்டு?"ன்னேன்.

அப்படியே தரையில உக்காந்துட்டா. உக்காந்து அழுதா பாரு. அவ அம்மா செத்தப்பக்கூட அப்படி அழுது நான் பாத்ததில்ல. பாதி வழியில மனசு கேக்காமத் திரும்பி வந்துட்டாளாம். சந்தையப் பாக்கவே இல்லையாம். பகல் பூரா காடு மேடெல்லாம் என்னத் தேடியிருக்கா. எனக்கு ஒரு பக்கம் பாவமாத்தான் இருந்துச்சு. இன்னொரு பக்கம், பொய் சொல்ல மாட்டேன், ஒரு சந்தோசம். எனக்காக ஒருத்தி அப்படி அழுறா இல்ல? எங்க வீட்டுக்காரரு அழுவாரா? பிள்ளைக அழுமா? அவளுக்கு ஆறுதலா இருக்கட்டுமேன்னு ஒரு தோடக் கழட்டி, "இந்தா, ஒனக்குத்தான் வாங்கினேன்"னேன். "வேணாம்"னா. "அட வாங்கிக்கடி"ன்னேன். "வேணாம்"னா. மூணாவது தடவையும் நீட்டினேன். எடுத்து வீசிட்டா. வயல்ல போய் விழுந்துச்சு.

அப்பத்தான் அந்த வார்த்தையச் சொன்னா. "இங்க பாரு அங்கை. இத்தன வருசமா ஒன்ன எல்லாத்துக்கும் மூணு மூணு தடவ கேட்டுக் கேட்டு எனக்கு வாயி ஓஞ்சு போச்சு. இனிமே எதா இருந்தாலும் நான் ஒரே ஒரு தடவதான் கேப்பேன். வேணும்னா வேணும்னு சொல்லு. வேணாம்னா வேணாம்தான்"னா. கோவத்துல எதையோ சொல்றான்னு நான் விட்டுட்டேன்.

கோவம் இல்லம்மா, நெசமாவே சொல்லியிருக்கா! மிச்ச நாள் பூரா, "சாப்பிடுறியா?" ஒரு தடவ. "வேணாம்டி." முடிஞ்சு போச்சு. "போட்டோ எடுக்கட்டுமா?" "எனக்கெதுக்கு." போனு பைக்குள்ள போயிருச்சு. வியட்நாம் போயிட்டு வந்தேன்னு காட்ட என்கிட்ட ஒரு நல்ல போட்டோ கெடையாது. ஏணியில மாட்டிக்கிட்டுத் தொங்கினது மட்டும் இருக்கு. அத யாரு எடுத்தான்னு உனக்கே தெரியும்.

ஊருக்கு வந்ததுக்கப்புறம் பேசிக்கிட்டுத்தான் இருந்தோம். பேசாம இருக்க முடியுமா? போன மாசம் ஒரு நாள் போன் வந்துச்சு. "கம்போடியா போறேன்டி. அதே மாதிரிதான், முதுகுல பையி. வர்றியா?"ன்னா.

நீ சொல்லு. ஒடனே வர்றேன்னு சொன்னா என்ன நெனப்பா? எப்படா கூப்பிடுவான்னு காத்துக் கெடந்திருக்கா போலன்னு நெனைக்க மாட்டாளா? காத்துத்தான் கெடந்தேன். அதுக்காக? "நான் எங்கடி வர்றது, முட்டி வலி"ன்னேன். "சரிடி"ன்னா. வச்சிட்டா. நான் போனக் கையிலயே வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். குளிக்கப் போறப்பகூட சோப்பு டப்பா பக்கத்துல வச்சுக்கிட்டேன். அடுத்த நாள் கூப்பிடல. அதுக்கடுத்த நாளும் இல்ல. அப்புறம் ஒரு நாள் கூப்பிட்டா. ஓடிப் போய் எடுத்தேன். வத்தக்கொழம்புக்குப் பக்குவம் கேட்டா.

தனியாத்தான் போறா. நாளைக்குப் பகல்ல திருச்சியில ஏறி, கோலாலம்பூர் வழியாப் போறா. எனக்கு எப்படித் தெரியும்னா, அவ தம்பி பொண்டாட்டிகிட்ட பேச்சோட பேச்சா வாங்கிட்டேன். எங்க வீட்டுக்காரரு இருக்காரே, அவரு அன்னிக்கே எம் மகன்கிட்ட சொல்லி, அதே ப்ளைட்டுல எனக்கும் டிக்கெட்டு போட்டு, விசாவும் வாங்க வச்சிட்டாரு. இந்தா, கைப்பையிலதான் இருக்கு. பிரியமான மனுசன்னு சொன்னேன்ல?

ஏம்மா அப்படிப் பாக்கிற? டிக்கெட் இருந்தாப் போதுமா? அவ கூப்பிட வேணாமா? கூப்பிடாம எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறது? ரெண்டு தடவ பாக்கி இருக்கில்ல? அதான், நேர்ல போய் நின்னா, பேச்சுவாக்குல, "என்னடி, வர்றியா?"ன்னு ஒரு தடவ கேட்க மாட்டாளா? அப்புறம் வாசல்ல வழியனுப்புறப்ப ஒரு தடவ. சரியாப் போகும். கேக்கலைன்னா, பாத்துட்டு அடுத்த பஸ்ல மதுரைக்குத் திரும்பிற வேண்டியதுதான். வேற என்ன பண்றது.

கண்ணு வேர்க்குது. ஏசி பஸ்ஸுன்னு பேரு.

நானே சொல்றதா? "நானும் வர்றேன்டி"ன்னு நானேவா? நல்லா இருக்கும்மா நீ சொல்றது. அந்த வார்த்தை என் வாயிலருந்து வருமா? வராது. வேணும்னா பாரு. நீ ரோஸ்லின்னு வச்சுக்க. கேளு. "வர்றியாடி"ன்னு கேளு. வெக்கப்படாமக் கேளும்மா, பஸ்ல யாரும் நம்மளப் பாக்கல.

"எனக்கெதுக்கும்மா, நீ போயிட்டு வா." பாத்தியா, பாத்தியா! அதுபாட்டுக்கு வருது. இன்னொரு தடவ கேளு. "ஐயோ, ஒனக்கு எதுக்குச் செரமம்." சே! இன்னொரு தடவ. "வ... வேணாம்." இப்ப கேளு. "வர்றேன்." வந்துருச்சு! ஆனா இது மூணாவது தடவைக்கு மேல ஆயிருச்சில்ல, அதனால வந்துருச்சு. கேக்காமச் சொல்றதுதான் கஷ்டம்.

என்ன ஊரு இது, விராலிமலையா? அதுக்குள்ளயா? இன்னும் கொஞ்ச நேரத்துல திருச்சி வந்துருமே. அந்தப் போன எடு, அந்த வெளிப்பக்கத்து ஜிப்புல இருக்கு. நம்பர நீயே போட்டுக் குடுத்துரு, ரோஸ்லின்னு இருக்கும். குடு, குடு. ரிங்கு போகுது. எடுக்க மாட்டா. நல்ல வேள. எடுக்க மா...

ஹலோ. ரோஸ்லினா? நாந்தான்டி. இல்ல, ஒண்ணுமில்ல. அவரு நல்லாருக்காரு. வத்தக்கொழம்பு நல்லா வந்துச்சா? ம். ம். ரோஸ்லின். நானும் வர்றேன்டி. கம்போடியாவுக்குடி, வேற எங்க? நானும் வர்றேன். டிக்கெட்டெல்லாம் இருக்கு. யாரும் கேக்கல, நானாத்தான் சொல்றேன். எனக்கு வரணும்டி. ஒங்கூட வரணும். ஹலோ? ஹலோ, இருக்கியாடி?

ம்.

ம். சரிடி. ம். வைக்கிறேன்.

வேணாம்னுட்டா.

மூக்க உறிஞ்சின மாதிரி கேட்டுச்சு. அப்புறம், "வேணாம்டி அங்கை. ஒன்ன ஒரு தடவ தொலைச்சுத் தேடினது போதும். இன்னொரு தடவ தேட எனக்கு நெஞ்சுல தெம்பில்ல. தயவுசெஞ்சு வராத"ன்னா. அழுதாளா சிரிச்சாளா, இந்த பஸ் சத்தத்துல ஒண்ணும் தெரியல.

நீ ஏம்மா மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிற? அட, எதுக்கு இப்ப என் கையப் பிடிக்கிற? நான் அழுறேன்னா நெனச்ச? சிரிக்கிறேன்மா! இத்தன வருசத்துல இப்பத்தான் அவ மொறையாப் பேசியிருக்கா. மொதத் தடவ கேக்கறப்ப வேற என்ன சொல்லுவாக? வேணாம்னுதான் சொல்லுவாக!

அவ வேணும்னா ஒரு தடவையோட நிறுத்துறவளா இருக்கலாம். நான் அப்படி வளரல. வீட்டு வாசல்ல நின்னு ஒரு தடவ கேப்பேன். அப்பவும் வேணாம்பா. ப்ளைட்டுல அவ பக்கத்து சீட்டுல உக்காந்து பெல்ட்டப் போட்டுக்கிட்டு, மூணாவது தடவையா கேட்டுக்கிறேன்.

கண்டக்டர் தம்பி! இங்க வாப்பா. இந்தப் பைய என் முதுகுல தூக்கி மாட்டி விடு. ஆமா, இப்பவே. கீழ விழுகாமப் பிடிச்சுக்க.